ஹுய்ச்சோல் நூல் ஓவியத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கோடை விடுமுறையில் உங்கள் குடியிருப்பில் உள்ள 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பு எடுக்கப்போவதாகவும், அதில் மெக்சிகோவின் ஹுய்ச்சோல் நூல் ஓவியத்தைச் சேர்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் கிடைக்கும் மான் படத்தை அச்செடுத்து அட்டையில் ஒட்டி, ஃபெவிகால் தடவி, அதன்மேல் உல்லன் நூலை ஒட்டச் சொன்னால் போதுமா, அந்த மக்களைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

சுருக்கமான பதில்: அச்செடுத்த மான் வேண்டாம். ஃபெவிகால் பரவாயில்லை, ஆனால் முடிந்தால் தேன்மெழுகு. மக்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் போதும், சொல்வது சரியாக இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், தன் படத்தில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இனி விவரமாக.

ஹுய்ச்சோல் என்பது வெளியார் வழங்கும் பெயர். அவர்கள் தங்களை விஷாரிகா என்று சொல்லிக்கொள்கிறார்கள். வகுப்பில் இரண்டு பெயரையும் சொல்லிவிடுங்கள். மேற்கு மெக்சிகோவில் ஹலிஸ்கோ, நயாரித், துராங்கோ, சகதேகாஸ் ஆகிய மாநிலங்கள் சந்திக்கும் சியர்ரா மாத்ரே மலைகள்தான் அவர்கள் ஊர். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி பயிரிடுகிறார்கள். விஷாரிகா மொழி பேசுவோர் அரை லட்சத்துக்கு மேல். 'பழங்குடி' என்று சொன்னதுமே பிள்ளைகள் அவர்களை என்றோ வாழ்ந்து மறைந்தவர்கள் வரிசையில் வைத்துவிடுவார்கள். அவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள், நயாரித்தின் தலைநகரான தெப்பிக்கில் சிதாகுவா என்று அவர்களுக்கென்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

இப்போது நாம் பார்க்கும் பெரிய, பளிச்சென்ற நூல் ஓவியங்களுக்கு அப்படியொன்றும் வயதில்லை. 1890-களில் கார்ல் லும்ஹோல்ட்ஸ் என்ற நார்வேக்காரர் நியூயார்க்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக இந்த மலைகளில் சுற்றி, வழிபாட்டுப் பொருள்களைச் சேகரித்தார். அவற்றில் நியரிகா என்ற காணிக்கையும் உண்டு. வட்டமாகவோ சதுரமாகவோ சின்னதாக இருக்கும். சிலவற்றில் நடுவே ஓட்டையோ கண்ணாடித் துண்டோ இருக்கும். மழை வேண்டும், பயிர் விளைய வேண்டும், பிள்ளைக்கு உடம்பு தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு குகையிலோ ஊற்றங்கரையிலோ சிறு கோயில் வீட்டிலோ வைத்துவிட்டு வருவார்கள். மெழுகில் நூல் பதித்த பலகைகளும் இந்தக் காணிக்கை வழக்கத்தில் வந்தவைதான். சுவரில் மாட்டி அழகு பார்ப்பது அதில் கிடையாது. வைத்த இடத்திலேயே வெயிலிலும் மழையிலும் அது போய்விடும்.

1950-களுக்குப் பிறகு நிலைமை மாறியது. குவாதலஹாராவிலும் அதை ஒட்டிய சப்போபானிலும் பிரான்சிஸ்கன் துறவிகள், மானிடவியலாளர்கள், கைவினைப் பொருள் விற்போர் எல்லாம் இவற்றை வாங்க ஆரம்பித்தார்கள். சப்போபான் பேராலயத்தை ஒட்டி விஷாரிகா கலைக்கென்று ஓர் அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது. விற்பனைக்கு வந்த தொடக்ககாலப் படங்கள் பெரும்பாலும் அலங்காரம்தான்: ஒரு மான், ஒரு பூ, ஒரு பறவை. 1960-களில் ரமோன் மெதினா சில்வா என்பவர் பீட்டர் ஃபர்ஸ்ட் என்ற மானிடவியலாளரிடம் தம் மக்களின் கதைகளைச் சொன்னதோடு, அதே கதைகளை நூலிலும் வரைந்து கொடுத்தார். அங்கிருந்துதான் முழுக் கதையையும் ஒரே பலகையில் சொல்லும் படங்கள் பெருகின. அடுத்து வந்த ஹொசே பெனித்தெஸ் சாஞ்செஸ் (1938–2009) அதை எங்கேயோ கொண்டுபோய்விட்டார். மெக்சிகோ நகரத் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய பலகை ஒன்று இருக்கிறது. அதில் விரல் வைக்கச் சும்மா இடம் கிடையாது. ஆள், மான், பாம்பு, வேர், நீர் எல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்று கிளம்பி ஓடிக்கொண்டிருக்கும். இணையத்தில் தேடி, பெரிய திரையில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பேசாமல் இரண்டு நிமிடம் பார்க்க விடுங்கள்.

ஆகவே 'ஆயிரமாண்டுப் பாரம்பரிய ஓவியம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட வேண்டாம். காணிக்கை பழசு, விற்பனைக்கான பெரிய படம் நம் தாத்தா பாட்டி காலத்தில் வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது தாராளமாகப் புரியும்.

இனி நான் முக்கியம் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நல்ல நூல் ஓவியம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்து மரத்தில், பல நேரம் வெறும் பேனாவாலேயே, கலைஞர் தம் பெயரையும் படத்தில் நடப்பதையும் ஸ்பானிய மொழியில் எழுதியிருப்பார். இவர் மந்திரப் பாடகர், இது அவருடைய இறகுக் கோல், இந்தத் தெய்வத்திடம் மழை கேட்கிறார், மான் வழிகாட்டி வருகிறது என்று சில வரிகள். எழுத்துப் பிழையோடுகூட இருக்கும். வாங்குகிறவருக்குப் புரிய வேண்டும் என்று வந்த வழக்கம்தான், ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் படம் ஒன்றைச் சொல்கிறது, அல்லது ஒன்றைக் கேட்கிறது. மான் அங்கே அழகுக்காக நிற்கவில்லை. அது கவுயுமாரி என்ற நீல மான், மனிதர்களுக்கும் தெய்வங்களுக்கும் நடுவே போய்வருகிற ஆள். அதன் வாயிலிருந்து புறப்படும் நெளிகோடு பேச்சு.

அச்செடுத்த மானை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். நீங்கள் கொடுத்த கோட்டுக்குள் நூலை நிரப்பும் பிள்ளைக்கு விரல் பயிற்சி கிடைக்கும், அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. "இந்த மான் எங்க போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியலை டீச்சர், நீங்கதான் குடுத்தீங்க" என்று பதில் வரும்.

அதற்குப் பதிலாக முதல் நாள் நூலையே எடுக்காமல் ஒரு கதை சொல்லுங்கள். அவர்களுடைய வெள்ளக் கதை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வதாகமே என்ற உழவன் காட்டை வெட்டிக் கொல்லை திருத்துகிறான். மறுநாள் போய்ப் பார்த்தால் வெட்டிய மரமெல்லாம் மறுபடியும் நிற்கிறது. திரும்ப வெட்டுகிறான், திரும்ப நிற்கிறது. ஐந்தாம் நாள் ஒளிந்திருந்து பார்க்கிறான். தரைக்குள்ளிருந்து ஒரு கிழவி எழுந்து கைக்கோலை நாலு திசைக்கும் நீட்டுகிறாள், மரங்கள் எழுந்துகொள்கின்றன. அவள்தான் நகாவே, எல்லாவற்றையும் முளைக்க வைக்கும் பாட்டித் தெய்வம். வெள்ளம் வரப்போகிறது, வீணாக ஏன் உழைக்கிறாய் என்கிறாள். காட்டு அத்திமரத்தில் உன் உயரத்துக்கு ஒரு பெட்டி செய்து மூடி போட்டுக்கொள், ஒவ்வொரு நிறத்திலும் ஐந்து மக்காச்சோளம், ஐந்து பீன்ஸ் விதை எடுத்துக்கொள், நெருப்பு எடுத்துக்கொள், அது அணையாமல் இருக்க ஐந்து பூசணித் தண்டு, கூடவே ஒரு கறுப்புப் பெண் நாய். பெட்டி மிதக்கிறது. மூடியின்மேல் கிழவி, அவள் தோளில் ஒரு பஞ்சவர்ணக்கிளி. ஐந்து வருடம் கழித்துத்தான் தண்ணீர் வடிகிறது.

அதற்கப்புறம் வருவதுதான் பிள்ளைகளைக் கட்டிப்போடும் இடம். வதாகமே தினமும் வேலைக்குப் போய்த் திரும்பினால் குகையில் சுடச்சுட ரொட்டி இருக்கிறது. யார் சுட்டது? மறுபடி ஒளிந்து பார்க்கிறான். நாய் தன் தோலைக் கழற்றி மாட்டிவிட்டுப் பெண்ணாகி அம்மியில் சோளம் அரைக்கிறது. அவன் தோலை எடுத்து நெருப்பில் போடுகிறான், அவள் நாயைப்போல ஊளையிடுகிறாள். அரைத்த மாவுத் தண்ணீரை எடுத்து அவள்மேல் ஊற்றுகிறான், அவள் பெண்ணாகவே நின்றுவிடுகிறாள். அவர்களிடமிருந்து மறுபடியும் மனிதர்கள் பெருகுகிறார்கள். கதையில் எல்லாமே ஐந்தாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். அவர்களுக்குத் திசையும் ஐந்து. நாலு திசையும் நடுவும்.

கதை சொன்ன பிறகு "இதை வரையுங்கள்" என்று சொல்லாமல், "நீங்கள் ஒன்று கேட்பதாக இருந்தால், அல்லது பார்த்த ஒன்றைச் சொல்வதாக இருந்தால், என்ன?" என்று கேளுங்கள். முதலில் சைக்கிள், ஐபேட் என்றுதான் வரும். வரட்டும். கொஞ்ச நேரத்தில் உண்மையான விஷயங்கள் வரும். என் வகுப்பில் ஒரு பையன் தண்ணீர் லாரி போட்டான். மஞ்சள் லாரி, அதன் பின்னாலிருந்து நீல நூல் நாலைந்து வரிசை நெளிந்து கிளம்பிக் குடங்களுக்குள் போய் விழுந்தது. பின்பக்கத்தில் "லாரி காலையிலயே வரணும், அம்மா லேட்டா போகக் கூடாது" என்று எழுதியிருந்தான். மழை கேட்டு வைத்த நியரிகாவுக்கு, மான் படத்தை நகலெடுத்த பிள்ளைகளைவிட அவன்தான் நெருக்கமாக வந்தான் என்று நினைக்கிறேன்.

சரி, இனி பொருள்கள். பலகைக்கு 4 மி.மீ. பிளைவுட் சிறந்தது. மரக்கடையில் வெட்டிப்போட்ட துண்டுகளைக் கேட்டால் மலிவாகத் தருவார்கள். ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், சிலாம்பு ஏறும். அட்டைதான் கிடைக்கிறது என்றால் தடித்த மில் போர்டு வாங்குங்கள். மெல்லிய அட்டை ஃபெவிகாலின் ஈரத்தில் வளைந்துகொள்ளும். அளவில் ஆசைப்படாதீர்கள். 12 செ.மீ. சதுரம் போதும். காரணம் கணக்கிலேயே தெரியும்: 2 மி.மீ. தடிப்பான நூலை நெருக்கி வைத்தால் ஒரு சதுர செ.மீ. நிரப்ப 5 செ.மீ. நூல் ஆகும். 12 செ.மீ. சதுரத்துக்குச் சுமார் 7 மீட்டர். 20 செ.மீ. சதுரம் என்றால் 20 மீட்டர். எட்டு வயதுப் பிள்ளை 20 மீட்டர் நூலை விரலால் அழுத்தி முடிப்பதற்குள் விடுமுறையே முடிந்துவிடும்.

நூல் சாதாரண அக்ரிலிக் உல்லன் போதும். மலைகளில் முன்பு கம்பளி நூல், இப்போது அவர்களும் கடையில் விற்கும் அக்ரிலிக்தான். அதுவும் மெல்லியதாகத் தேடி வாங்குகிறார்கள், நுணுக்கம் வரும் என்று. சின்னப் பிள்ளைகளுக்குத் தடித்த நூலும் பெரியவர்களுக்கு மெல்லிய நூலும் கொடுங்கள். எம்பிராய்டரி நூல் வேண்டாம், கண் போய்விடும். நிறங்களில் கஞ்சத்தனம் கூடாது. வெளிர் நிறங்களை விட்டுவிட்டு அடர்ந்த சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஆரஞ்சு, ஊதா, கறுப்பு, வெள்ளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு அவர்கள் பயன்படுத்துவது தேன்மெழுகோடு பைன் பிசின் கலந்தது. மெழுகு மட்டும் இருந்தால் பிடிப்பு குறைவு, பிசின் சேர்ந்தால் நூல் நன்றாகக் கவ்வும். வெயிலில் காட்டி இளக்கி, பலகையில் மெல்லிய படலமாகத் தேய்த்து, அதில் நூலைப் பதிப்பார்கள். நீங்கள் வகுப்புக்கு முந்தைய நாளே பலகைகளைத் தயார் செய்துவிடுங்கள். தேன்மெழுகு ஏறக்குறைய 63 பாகை செல்சியஸில் உருகும். ஆகவே கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்த பாத்திரமே போதும், நேரடித் தீயில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். இந்த வேலையில் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். பிசின் கிடைக்கவில்லையா, தனி மெழுகிலேயே செய்யுங்கள், சிறு பலகைக்கு அது தாங்கும். உருகிய மெழுகைக் கரண்டியின் முதுகால் ஒரு மி.மீ. தடிப்புக்குப் பூசி ஆறவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கும்போது கையில் பிசைந்து பாருங்கள். நல்லது சூட்டில் இளகி வளையும், தேன் வாசனை வரும். மெழுகுவத்தி மெழுகு கலந்திருந்தால் நொறுங்கும்.

வகுப்பன்று பலகையை வெயிலில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதற்கு மேல் வைத்தால் வழியும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. அதுதான் பதம்.

ஃபெவிகால் ஏன் இரண்டாம் பட்சம் என்றால், அது மன்னிக்காது. நூல் பசையைக் குடித்துவிடும், விரலெல்லாம் பசையாகும், ஒட்டிய நூல் விரலோடு எழுந்து வரும், காய்ந்த பிறகு திருத்தவே முடியாது. மெழுகில் பிடிக்காத வரியை உரித்தெடுத்துவிட்டு அதே நூலைத் திரும்ப வைக்கலாம். தப்பு செய்யப் பயப்படுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நீங்களே பார்ப்பீர்கள். வேறு வழியில்லாமல் ஃபெவிகால்தான் என்றால், ஒரு நேரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் தூரிகையால் மெல்லத் தடவி, ஐஸ் குச்சியால் நூலை அழுத்தச் சொல்லுங்கள். அகலமான டபுள் சைடு டேப் இன்னும் சுத்தம். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு நான் அதையே சொல்வேன்.

பதிக்கும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அழகு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. மெழுகின்மேல் குச்சியால் கீறி உருவத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். முதல் நூல் அந்தக் கோட்டின்மேல் போகும். நூலை முன்கூட்டி வெட்டக் கூடாது. உருண்டை மடியில் இருக்க, இடது கை நூலை விட்டுக்கொண்டே வர, வலது கட்டைவிரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே முன்னேறும். முதல் வரிசையை ஒட்டி உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ வேறு நிறத்தில் இரண்டாவது வரிசை. இந்த இரட்டைக் கோடுதான் அந்தப் படங்களுக்கு அப்படி ஒரு துடிப்பைக் கொடுப்பது. அப்புறம் உருவத்தின் உள்ளே, ஓரத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் இயல்பாகச் செய்வது மேலிருந்து கீழே நேர்க்கோடாக நிரப்புவது. விடாதீர்கள். மானின் தொடை வளைவாக இருந்தால் நூலும் வளைய வேண்டும். அப்போதுதான் தட்டையான நூலில் சதை தெரியும்.

ஒவ்வொரு வரிசையையும் வைத்ததும் பக்கத்து வரிசையோடு நகத்தால் நெருக்கித் தள்ள வேண்டும். நடுவில் மெழுகு தெரிந்தால் அது சொத்தைப் பல்போலப் பளிச்சென்று தெரியும். கூரான மூலைகளில் நூலைத் திருப்பினால் உருண்டுகொள்ளும். அங்கே நகத்தால் ஒரு குத்து வைத்துத் திருப்பணும், அதுவும் வராவிட்டால் வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கணும். பலகையின் நாலு ஓரத்திலும் மூன்று நிறத்தில் மூன்று வரிசை வைத்துக் கரை கட்டிவிடுங்கள். கடைசியில் பின்னணி. அதையும் உருவத்தின் வெளிக்கோட்டைப் பின்பற்றியே நிரப்பினால், மானைச் சுற்றிக் காற்று அசைவதுபோல இருக்கும். சும்மா விட்ட இடம் என்று ஒன்று கூடாது.

இங்கேதான் ஓர் உபாயம் சொல்ல வேண்டும். ஒரு நல்ல கலைஞரின் வீட்டில் படத்தை எல்லாரும் சேர்ந்துதான் முடிக்கிறார்கள். உருவங்களையும் வெளிக்கோட்டையும் கலைஞர் வைப்பார், மனைவியோ தம்பியோ பிள்ளையோ பின்னணியை நிரப்புவார்கள். தனியாகப் பாடம் எடுப்பதெல்லாம் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, கையில் கொடுத்ததைச் செய்து, அப்படியே கற்றுக்கொள்வது. நீங்களும் அதையே வைத்துக்கொள்ளலாம். 12 வயதுப் பெண் ஒருத்தியையும் 8 வயதுப் பையன் ஒருவனையும் ஒரு பலகையில் உட்கார வையுங்கள். அவள் கோடு வைக்கட்டும், அவன் பின்னணி நிரப்பட்டும். நிரப்பும் வேலையில்தான் விரலுக்குப் பழக்கம் வரும். அடுத்த பலகையில் அவன் கோடு வைப்பான். ஆளுக்கொரு பலகை கொடுத்தால்தான் நியாயம் என்று பெற்றோர் சிலர் நினைப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைத்துவிடுங்கள்.

இன்னும் சின்னப் பிள்ளைகள் கூடவே வந்து உட்கார்ந்தால் அவர்களுக்குச் சிகுரி. இரண்டு குச்சியைக் கூட்டல் குறிபோலக் கட்டி, ஒவ்வொரு கையிலும் நூலை ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த கைக்குப் போய்க்கொண்டே இருந்தால் சாய்சதுரமாக வளரும். 'கடவுளின் கண்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பள்ளிகளில் செய்யப்படுவது இதுதான். விஷாரிகா குடும்பங்களில் இது பிள்ளைக்காகச் செய்யும் காணிக்கை, அது நல்லபடி வளர வேண்டும் என்று. பிறந்ததும் நடுக்கண், பிறகு வருடத்துக்கு ஒன்றாக ஐந்து வயதுவரை சேர்ப்பது என்று சொல்வார்கள். அறுவடைக் காலத்தில் நடக்கும் ததேய் நெய்ஷா விழா முழுவதும் இந்தச் சின்னவர்களுக்கானதுதான். புதுப் பூசணியும் இளஞ்சோளமும் படையலாக இருக்க, மாராகாமே என்ற பாடகர் மான்தோல் போர்த்திய மூன்று கால் மத்தளத்தைத் தட்டிப் பாடுவார். கையில் கிலுகிலுப்பையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பறவைகளாக்கி, விரிகுதா என்ற பாலைவனத்துக்குப் பாட்டிலேயே கூட்டிப்போவார். எங்கே இறங்கணும், எந்தத் தெய்வம் எந்த மலையில் என்று பாட்டில் ஒவ்வொன்றாக வரும். கலைக்கு வேண்டிய வரைபடம் அங்கே காதுவழியாகத்தான் பிள்ளைகளுக்குள் இறங்குகிறது. பிறகு பெரியவர்களாகி நூலைக் கையில் எடுக்கும்போது எங்கே எதை வைப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.

விரிகுதா பற்றிச் சொன்னால் பெயோட்டே பற்றிய கேள்வியும் வரும். படங்களில் பூப்போல, உள்ளங்கை மாதிரிப் பகுதிபகுதியாகத் தெரிவது அதுதான். முள்ளில்லாத ஒரு சிறு கள்ளி, அவர்கள் மொழியில் ஹிகுரி. சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தில் உள்ள அந்தப் பாலைவனத்துக்கு யாத்திரை போய் எடுத்துவந்து வழிபாட்டில் உண்கிறார்கள். கண்முன் காட்சிகள் வரும். வகுப்பில் இதை மறைக்கவும் வேண்டாம், கிளறவும் வேண்டாம். "அது அவங்களுக்குப் புனிதமான செடி, அவங்க பூஜையில் மட்டும் இருக்கும், மத்தவங்க சாப்பிடக் கூடாது" என்றால் எட்டு வயதுக்குப் போதும். 'போதையில் வரைந்த ஓவியம்' என்று சில கட்டுரைகளில் வரும், அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். காட்சி கண்டு வரைகிறவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான படங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைகளையும் சடங்குகளையும் வைத்து நிதானமாகக் கணக்குப் போட்டு வைக்கப்பட்டவை. மில்லிமீட்டர் கணக்கில் நூல் வைக்கிறவருக்கு வேண்டியது பொறுமை.

'சிவப்பு என்றால் இது, நீலம் என்றால் அது' என்று நிற அட்டவணைகளும் இணையத்தில் சுற்றுகின்றன. திசைக்கும் சோளத்துக்கும் நிறத்தொடர்பு இருப்பது உண்மை. மக்காச்சோளத்தின் ஐந்து நிறமும் கதைகளில் ஐந்து பெண்களாகவே வரும். ஆனால் ஒரு கலைஞர் தம் பலகையில் நிறம் தேர்ந்தெடுப்பது அட்டவணையைப் பார்த்து அல்ல. பிள்ளைகளையும் அந்தச் சிறைக்குள் போடாதீர்கள்.

அவர்களுடைய தெய்வங்களையும் ஹிகுரியையும் பிள்ளைகள் நகலெடுப்பதை நான் தவிர்ப்பேன். தடை என்று இல்லை, மரியாதைக்காக. செய்முறையை எடுத்துக்கொள்ளலாம், வேண்டுதலை இரவல் வாங்க முடியாது. ஆனால் ஒரு பிள்ளை கதையைக் கேட்டுவிட்டு அந்தப் பெட்டியையும் கறுப்பு நாயையும் தானாகப் போட்டால் தடுக்காதீர்கள், யாருடைய கதை என்று பின்னால் எழுதச் சொன்னால் போதும். படங்களைக் காட்டும்போது 'ஹுய்ச்சோல் படம்' என்று பொதுவாகச் சொல்லாமல் கலைஞர் பெயரோடு காட்டுங்கள். விடுமுறை முடிவில் கண்காட்சி வைத்து விற்கும் யோசனை இருந்தால், 'ஹுய்ச்சோல் ஓவியம்' என்று எழுதி விற்காதீர்கள். பூர்வகுடிகளின் வடிவங்களை மற்றவர்கள் எடுத்து வியாபாரம் செய்வது மெக்சிகோவில் பெரிய சண்டை. 2022 தொடக்கத்தில் அதற்கென்றே தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் பலகையில் அந்தச் சட்டம் வந்து நிற்காது, இருந்தாலும் பழக்கம் நல்லதாக இருக்கட்டும். பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் சொல்லலாம்: விரிகுதாவுக்குப் போகும் அந்த யாத்திரை வழியை யுனெஸ்கோ 2025-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பாலைவனத்தில் சுரங்கம் தோண்ட வந்த நிறுவனங்களை எதிர்த்து அவர்கள் பல வருடம் போராடியதும் அதோடு சேர்ந்த கதை.

மணி வேலை பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி: அதே மெழுகுதான், நூலுக்குப் பதில் பாசிமணியை ஊசிமுனையால் எடுத்து ஒவ்வொன்றாகப் பதிப்பது. 12 வயதுக்குக் கீழே முயற்சி செய்யாதீர்கள், தரையெல்லாம் மணியாகும்.

நேரம் எப்படிப் பிரிப்பது? முதல் நாள் கதையும் படங்களும், ஒவ்வொரு பிள்ளையும் தன் விஷயத்தைத் தாளில் கிறுக்குவது. இரண்டாம் நாள் கோடும் கரையும். மூன்றாவதும் நான்காவதும் நிரப்புவது, இங்கே அவசரப்படுத்தாதீர்கள், நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம், கட்டைவிரல் வலிக்கும். கடைசி நாள் பின்பக்கம் எழுதுவது. எழுத வராத பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொடுங்கள், வார்த்தையைத் திருத்தாமல். பெயர், வயது, தேதி. மெழுகுப் பலகையை வீட்டுக்கு அனுப்பும்போது வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம், காருக்குள் விட்டுவிட வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். நூல் மொத்தமும் சரிந்து ஒரு பக்கமாக இறங்கிவிடும். தூசி படிந்தால் மெல்லிய தூரிகையால் தட்டலாம், ஈரத்துணி வேண்டாம்.